கடைசியாக இறங்குகிற மகனுக்கு

டேய் நைனா,

வியாழக்கிழமை விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இதைப் பிரி. முன்னாலேயே படித்துவிட்டு, அடுப்படி வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுக்கொண்டு என்னிடம் வம்புக்கு நிற்காதே. விமானத்தில் நீ தண்ணீர் குடிக்கமாட்டாய், காபி வாங்கமாட்டாய், நடுவில் எழுந்து நடக்கப்போவதும் இல்லை. ஜெர்மனி போய்ச் சேரும்வரை உனக்கு வேறு என்ன வேலை? நான் பேசினால் "ஒரு நிமிஷம் கேளும்மா" என்று குறுக்கே வருவாய். எழுதினால் வரமுடியாது. நான் பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் தமிழில் வகுப்பிலேயே நான்தான் முதல். உன் அப்பாவும் அதே பள்ளிக்கூடம், அவரைக் கேள், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அவருக்கு உண்டு. அப்புறம், இது ஒன்றும் ரகசியக் கடிதம் இல்லை. உன்னைப்போல் சக்கர நாற்காலியில் ஊர் சுற்றுகிற உன் சிநேகிதர்கள், அவர்களைப் பெற்றவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உங்கள் வாட்ஸப் குழுவில் போட்டாலும் எனக்குக் கோபமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ கேட்டதற்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆறு மாசம் போவட்டும்மா. அப்பால நீ வா. அப்பாதான் பிளைட்டுன்னா பயந்து ஏறமாட்டாரு, நீ தனியா வா. உன் முட்டிய வெச்சிகினு அவ்ளோ தூரம் நடக்க முடியாது, டிக்கெட் போடும்போதே வீல்சேர் சொல்லிடுறேன். இங்க ஏத்தி அங்க என் கையில கொண்ணாந்து உட்டுருவாங்க" என்றாய். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள், யோசிக்காமல் சொன்னேன்: "நான் இன்னா நொண்டியா, வீல்சேர்ல உக்காந்து வர்றதுக்கு?" சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அப்பா சோற்றில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தார். நீ "கொழம்பு ஊத்தும்மா" என்றாய், அவ்வளவுதான். திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஜெர்மனியில் சேரப்போகிற வேலையில் இரண்டு வருடத்துக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று நீயே சொல்லிவிட்டாய். ஆகவே நான் வந்தால்தான் உன்னைப் பார்க்கலாம், வரவேண்டுமென்றால் அந்த நாற்காலியில் உட்காரவேண்டும். விஷயம் இதுதான். இதற்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

உனக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இடுப்புக்குக் கீழே இருந்த தெம்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. அந்தக் கதையை இங்கே எழுதி அழப்போவதில்லை, அழவேண்டியதையெல்லாம் அப்போதே அழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு நீ ஊர் சுற்றியதெல்லாம் என் இடுப்பில்தான். பள்ளிக்கூடம், திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ், ஆரணியில் சித்தி கல்யாணம், எல்லாவற்றுக்கும் என் இடுப்பில்தான் வந்தாய். ஆறாவது போனபோது "எறக்கி உடும்மா, பசங்க பாக்குறாங்க" என்று காதில் கெஞ்சுவாய், நான் காது கேட்காதவள்போல் நடப்பேன். பிறகு முதல் நாற்காலி வந்தது. அப்பா, தான் வேலை செய்கிற இரும்பு ரோலிங் மில்லிலிருந்து செக்கர் பிளேட் என்கிற வழுக்காத பழைய இரும்புத் தகடு ஒன்றை விலைக்கு வாங்கி வந்து, வாசல் படிமேல் சாய்வாகப் போட்டு வெல்டு வைத்தார். வெல்டு சூடு ஆறியதுதான் தாமதம், நீ அதில் விட்ட வேகத்தில் எதிர்வீட்டு மாட்டின்மேல் போய் மோதினாய். மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நீ கீழே கிடந்து சிரித்தாய். இவன் வாசலோடு நிற்கிற ஆள் இல்லை என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

கல்லூரிக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போனாயே, அப்போதுதான் உன் புகழ்பெற்ற அந்தக் கட்டளை பிறந்தது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிற ஆட்கள், கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி வழிந்துகொண்டு நிற்பார்கள். உன் நாற்காலியைக் கண்டதும் தூக்கம் போய்விடும். "தூக்கு தூக்கு" என்று நாலு பக்கமும் பிடிப்பார்கள். நல்ல மனிதர்கள்தான், பாரம் தூக்கியே பழகிய கைகள். ஒருநாள் ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தூக்க, முன் சக்கரம் பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே மாட்டி, நீ குப்புற விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாய். தூக்கியவர்கள் உன்னைவிட அதிகமாக அழுதார்களாம். அடுத்த நாள் கட்டுப்போட்ட தலையோடு போய், ரயில் வந்ததும் சொன்னாய்: "அண்ணா, எல்லாரும் கைய எடுங்க. நான் சொல்றப்போ, நான் சொல்ற எடத்துல புடிங்க." சாயங்காலம் இதை நீ பெருமையாகச் சொன்னபோது நான் கத்தினேன். "உதவி பண்றவங்கள மெரட்டாதடா, நாளிக்கி எவனும் கிட்ட வரமாட்டான்." நீ சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "வரலன்னா அடுத்த ரயிலு கீதும்மா. எனக்கு அடுத்த மூஞ்சி கெடையாது." ஆனால் மறுநாளும் அவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

படித்து முடித்து, நம் எஸ்டேட்டிலேயே மெஷின் பாகங்கள் வார்க்கிற அச்சு வடிவமைக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். மூன்று வருடம் கழித்து உன்னைச் சிங்கப்பூருக்கு மெஷின் கண்காட்சி பார்க்க அனுப்புகிறோம் என்றார்கள். தனியாகப் போகிறேன் என்றாய். நான் விடுவேனா? சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். நடுவில் நீ பார்க்காத நேரத்தில் இரண்டு இட்லி தின்றேன், அது வேறு விஷயம். கடைசியில் உன் சொந்தச் செலவில் எனக்கும் டிக்கெட் போட்டாய். அந்தப் பயணத்துக்கென்று எடை குறைந்த புது நாற்காலி ஒன்றும் வாங்கினாய். புது வண்டி வந்தால் என்ன செய்வோமோ அத்தனையும் அதற்குச் செய்தேன். சந்தனம், குங்குமம், கற்பூரம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். "யம்மா, இதுக்கு இன்ஜினே இல்ல" என்றாய். ஆனாலும் பழத்தை நசுக்கிக்கொண்டு ஏறினாய், அந்தச் சத்தம் உனக்கும் பிடித்திருந்தது என்பதை நான் கவனித்தேன்.

புறப்படுகிற அன்றைக்குத்தான் நம் வயலுக்கு மேலுரம் போடவேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்து வயலில் மெல்லிசாக ஈரம் நின்ற நேரம், விட்டால் பயிர் மஞ்சளடித்துவிடும். மத்தியானத்துக்கு மேல்தானே விமானம் என்று விடிந்ததும் போய்விட்டேன். தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் பேசினை வைத்து, யூரியாவை விசிறி முடித்து வந்தேன். வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது, வழியனுப்ப சொந்தக்காரர்கள் பாதிப்பேர் ஏறியும் உட்கார்ந்துவிட்டார்கள். அவசரத்தில் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு புடவை மாற்றினேன். அப்போது பார்த்தால் உன் நாற்காலியில் குங்குமமும் புழுதியுமாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று, கைக்கு அகப்பட்ட துண்டை எடுத்து, கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை ஒரு இடம் விடாமல் அழுத்தித் துடைத்தேன். நாற்காலி பளபளவென்று ஆகிவிட்டது. எந்தத் துண்டு என்று நான் பார்க்கவில்லை.

விமான நிலையத்துக்குள் சோதனை போடுகிற இடத்தில், காக்கி உடுப்புப் போட்ட ஒரு பெண், சின்னத் துணித்துண்டு ஒன்றால் உன் நாற்காலியைத் தடவி ஒரு மெஷினுக்குள் வைத்தாள். மெஷின் கத்தியது. வேறு துணியால் தடவி வைத்தாள், இன்னும் பலமாகக் கத்தியது. இரண்டு பேர் வந்தார்கள், பெட்டிகளை நகர்த்தினார்கள், நம்மைச் சுற்றி இடம் காலியாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "எம் புள்ள நாற்காலியில இன்னா பாமா வெச்சிகினு வந்துகீறான்?" என்று கத்தினேன். 'பாம்' என்கிற அந்த ஒரு வார்த்தையை அங்கே சொல்லக்கூடாது என்று யாருக்குத் தெரியும்? மேலும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். கூட்டம் முழுவதும் நம்மையே பார்த்தது. நீ மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, வயலில் மடையைத் திருப்புகிறவன்போல நிதானமாக என் பக்கம் திரும்பினாய். "யம்மா, கொஞ்சம் கம்முனு இரு. இந்த நாற்காலிய எத்தால தொடச்ச?" "துண்டாலதான்." "எந்தத் துண்டு?" "தலையில கட்டிகினு போன துண்டு." "போயி இன்னா பண்ண?" "யூரியா போட்டேன்." நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாய்.

அவர்களிடம் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினாய். உரம் பட்டிருந்தாலும் வெடிமருந்து என்று கத்துகிற மெஷினாம் அது. என் கையையும் தடவிப் பார்க்கச் சொன்னாய். என் கைக்கும் மெஷின் கத்தியது. "யூரியா?" என்று அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள், அவள் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனது. ஆனாலும் அவள் வேலையை அவள் செய்யவேண்டுமே. ஒரு திரைக்குப் பின்னால் உன்னைக் கொண்டுபோய், பெஞ்சில் மாற்றி உட்காரவைத்து, நாற்காலியின் மெத்தையை உருவி, குழாய் குழாயாகச் சோதித்தார்கள். வெளியே நான் விமானம் போய்விடுமோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது. எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தக் குரல் தெரியும். பொறுங்கள், இந்தப் பக்கம் பிடியுங்கள், இப்போது தூக்குங்கள் என்கிற அதே ரயிலடிக் குரல். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கிற ஆட்கள் உன் பேச்சுக்குக் காத்திருந்து தூக்கினார்கள். நான் பெற்றவன்டா இவன் என்று அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்போல் இருந்தது. ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிப் பட்டபாடு போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டமாக ஓடி விமானத்தின் கதவுக்கு வந்தோம். உள்ளே போகிற சந்து நம் வயல் வரப்பைவிட ஒடுக்கம், உன் நாற்காலி நுழையாது. அதைக் கீழே மூட்டை முடிச்சோடு ஏற்ற எடுத்துக்கொண்டு, ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு குட்டி நாற்காலி கொண்டுவந்தார்கள். அதற்கு உன்னை மாற்ற நாலு பேர் நாலு பக்கம் பிடித்தார்கள். நானும் பாய்ந்து உன் அக்குளில் கை கொடுத்தேன். "எல்லாரும் கைய எடுங்க" என்றாய். எடுத்தார்கள். என் கை மட்டும் இருந்தது, என் கை அந்த 'எல்லாரும்' கணக்கில் வராது என்று நினைத்தேன். "யம்மா, நீயுந்தான்" என்றாய். எடுத்தேன். நீ சொன்ன மாதிரி இரண்டே பேர் தூக்க, வலிக்காமல் போய் உட்கார்ந்தாய். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருடம் தூக்கிய இடுப்புக்கு இதுதான் மரியாதையா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல்முதலாக மேகத்தை மேலேயிருந்து பார்க்கிறவள், அதைக்கூட முறைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்து, உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "இவருக்கு டீயா காபியா?" என்று தமிழில் கேட்டாள். "காபி, சக்கர கொஞ்சம் தூக்கலா" என்றேன். நீ அவளிடம் சிரித்த முகத்தோடு, "என்னைக் கேளுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம்" என்றாய். அவள் போன பிறகு, "ஏன்டா, தண்ணிகூடக் குடிக்காம வரே?" என்று கேட்டேன். உள்ளே இருக்கிற கழிவறைக்கு உன்னால் போகமுடியாது, அதனால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே குறைத்துக்கொண்டாய் என்று, ரயில் லேட் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். என் கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. எனக்கென்று வாங்கிய காபியையும் என்னால் குடிக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். நாம் மட்டும் உட்கார்ந்திருந்தோம். துடைப்பத்தோடு கூட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். விமான நிலையத்து நாற்காலி ஒன்றைக் கதவில் வைத்து வா வா என்றார்கள். என்னுடையது வந்தால்தான் இறங்குவேன் என்று நீ அசையவில்லை. "ஏன்டா பேஜாரு பண்றே, அவங்க வேலைய முடிக்க வாணாவா? எந்த நாற்காலியா இருந்தா இன்னா?" என்று கிசுகிசுத்தேன். "உன் காலக் கழட்டி வெச்சிகினு வேற எவ காலையோ குடுத்தா நடந்துருவியா?" என்றாய். காத்திருந்தோம். உன் நாற்காலி வந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, கூட்டுகிறவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாய். கடைசியாக இறங்குகிறவன் என்கிற கூச்சம் உன் முகத்தில் இல்லை. அதைப் பார்த்துத்தான் நானும் தலையை நிமிர்த்தி நடந்தேன்.

வெளியே வந்த பிறகு என் மனதில் நடந்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அந்த ஊரில் படிகளே கிடையாதா என்று தோன்றும்படி உன் நாற்காலி பறந்தது. பஸ்கூட ஒரு பக்கமாகத் தாழ்ந்து உனக்கு வழி விட்டது. எனக்கோ எழுத்து புரியவில்லை, பாதை புரியவில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான். உன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தள்ள வாணாம்மா, நான் போய்க்கினுதானே கீறேன்" என்றாய். நான் தள்ளவில்லையடா. தொலைந்துபோகாமல் இருக்கப் பிடித்துக்கொண்டேன். சந்தைக்கு வந்த குழந்தை முந்தானையைப் பிடிப்பதுபோல். அன்றைக்கு அந்தக் கண்ணாடிகளில் நம் இரண்டு பேரையும் பார்த்தேன், யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதோடு, இனிமேல் இவன்கூட நான் வரவேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிட்டது, அதுதான் கொஞ்சம் வலித்தது.

அதற்குப் பிறகு நீ தனியாகவே ஜப்பான் போனாய், துருக்கி போனாய், லீவு போட்டுக்கொண்டு கென்யா போய் யானை பார்த்தாய். நம் ஏரிக்கரையில் வராத யானையா என்று அப்பா கேட்டார், நம் ஏரிக்கரையில் என்றைக்கு யானை வந்தது என்று நான் கேட்டேன், அன்று முழுக்கச் சண்டை. மற்றவர்கள் பிள்ளைகள் கோபுரமும் கடலும் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். என் பிள்ளை எந்த ஊர் போனாலும் முதலில் கழிவறையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறான். பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே இருக்கிறது, கதவு எவ்வளவு அகலம், எல்லாம் விளக்கத்தோடு. நானும் அதை ரேஷன் கடை வரிசையில் எல்லாருக்கும் காட்டுகிறேன். "இது ஜப்பான் கக்கூஸு, பாரு, பட்டன் மட்டுமே எத்தினி கீது" என்று. பக்கத்து வீட்டு சரோஜா பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள். ஒரு ஊரில் விமானக்காரர்கள் உன் சக்கரத்தை வளைத்துக் கொடுத்தபோது, அவர்களே சரிசெய்து தரும்வரை இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்தாயே, அதை நான் இந்தத் தெருவில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. கேட்கிறவர்கள் "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாவமா? உன் பாஸ்போர்ட்டில் இருக்கிற முத்திரைகளைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுவேன்.

இவ்வளவு பேசுகிறவள் ஞாயிற்றுக்கிழமை ஏன் அப்படிச் சொன்னாள்? அதைத்தான் நான்கு நாளாக யோசித்தேன். முட்டி வலி இப்போது வயலுக்குப் போகவே விடுவதில்லை, ரேஷன் கடைக்கே நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போகிறேன். ஆனாலும் நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போவதை நினைத்தால் உடம்பு கூசியது. உன்னைப் பற்றி யாராவது அப்படிப் பேசினால் சண்டைக்குப் போகிற என் வாயில்தான் அந்த வார்த்தை பத்திரமாக இருந்திருக்கிறது. என் பிள்ளைக்கு நாற்காலி என்றால் பெருமை, எனக்கு என்றால் கேவலம் என்று எங்கேயோ உள்ளே இருந்திருக்கிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று நீ எஸ்டேட்டுக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிய பிறகு, பின்கட்டில் கிடந்த உன் பழைய நாற்காலியைத் துடைத்து எடுத்தேன். புதுத் துண்டால்தான் துடைத்தேன், பயப்படாதே. அதில் உட்கார்ந்து வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தேன். நம் வீட்டு உப்பு ஜாடி இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. மெதுவாக உருட்டி வாசலுக்கு வந்து, செக்கர் பிளேட்டின் தலைப்பில் நின்று, இதில் எப்படி இறங்குகிறான் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முதல் ஷிப்ட் முடிந்து உன் அப்பா வந்தார். பக்கவாட்டில் ஏறி, பின்னால் வந்து, ஆசையாகத்தான், "எங்க போவணும் மகாராணிக்கு?" என்று கைப்பிடியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். முன் சக்கரம் சரிவில் இறங்கியது. அந்தத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்: "கைய எடு! நான் சொல்றப்போ தள்ளு!"

அப்பா சூடு பட்டவர்போலக் கையை எடுத்தார். நல்லவேளை, நான் பிரேக்கைப் பிடித்துவிட்டேன், அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "உம் புள்ள மாதிரியே சொல்றியே" என்றார். நல்ல மனசோடு பிடிக்கிற கைதான், ஆனால் சொல்லாமல் பிடித்தால் எப்படி இருக்கும் என்று என் உடம்பு அப்போதுதான் தெரிந்துகொண்டது. விமானக் கதவில் நீ சொன்ன "யம்மா, நீயுந்தான்" என்பதற்கு இத்தனை வருடம் கழித்து எனக்கு அர்த்தம் புரிந்தது. கத்தலைக் கேட்டு சரோஜா ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, இன்னா ஆச்சி? காலையிலகூட நல்லாத்தானே இருந்த?" என்று வாயில் கை வைத்தாள். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன்: "ஒண்ணும் ஆவல. எம் புள்ளயப் பாக்க ஜெர்மனி போறேன், பழகிகினு கீறேன்."

ஆகவே டிக்கெட் போடு. வீல்சேர் வேண்டும் என்றும் சேர்த்துப் போடு, மறந்துவிடாதே. நீயும் அங்கே போய் உடம்பைப் பார்த்துக்கொள். விமானத்தில்தான் தண்ணீர் வேண்டாம், இறங்கியதும் வயிறு நிறையக் குடி. நாற்காலியில் சின்னக் கீறல் இருந்தாலும் விடாதே, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள். குளிர் என்று சோம்பி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடாதே, ஊரைச் சுற்று, கழிவறை போட்டோவை அனுப்பு. கல்யாணம் பற்றி நான் இங்கே எதுவும் கேட்கவில்லை, கேட்டதாக நினைத்துக்கொள். வழியனுப்ப வேன் வேண்டாம் என்றாய், வேனுக்குச் சொல்லவில்லை. அப்பாவும் நானும் மட்டும் விமான நிலைய வாசல் வரைக்கும் வருகிறோம். வியாழக்கிழமைவரை அப்பாவைக்கூட வயலுக்கு யூரியா போட விடமாட்டேன், பயிர் கொஞ்சம் மஞ்சளடித்தாலும் பரவாயில்லை.

நான் வருகிற அன்றைக்கு நீ வெளியே காத்திருப்பாய். எல்லாரும் பெட்டியோடு வந்துவிடுவார்கள், என்னை மட்டும் காணோம் என்று பதறுவாய். பதறாதே. உள்ளே யாராவது கேட்காமல் என்னைத் தூக்க வந்திருப்பார்கள், நான் தமிழிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு என்ன வேண்டும் என்று என்னைத்தான் கேட்கவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கொஞ்சம் நேரமாகும். நம்மைக் கடைசியாகத்தானே இறக்குவார்கள்.

உன் அம்மா